ராசியான சிஸ்டம்

அந்தச் சிவப்புக் கட்டத்தை மூடியது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்து ஆரம்பித்தால் வழியில் எங்காவது என்னை நானே காப்பாற்றிக்கொண்டுவிடுவேன். அந்தப் பழக்கம் எனக்கு உண்டு.

கம்ப்யூட்டர் திரையில் வலது கைப் பக்கம் கீழே, மணி காட்டுகிற இடத்துக்குச் சற்று மேலே, அது எழும்பும். ஆபத்தான ஃபைல் ஒன்று பிடிபட்டது, என்ன செய்யட்டும் என்று ஆங்கிலத்தில் கேட்கும். நான் இயற்பியலில் முதுகலை படித்தவன். முப்பது வருஷம் ஒரு நூற்பாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருந்தவன். நூலில் ஒரு முடிச்சு இருந்தாலும் விடக்கூடாது என்று மற்றவர்களுக்குச் சொல்லிச் சம்பளம் வாங்கியவன். அந்த ஆங்கிலம் எனக்குப் புரியாமல் இல்லை. புரிந்துதான் மூடினேன்.

ஓய்வுக்குப் பிறகு ஊத்துக்குளியில் வீட்டோடு இருந்த என்னை, என் தங்கை மகளின் கணவர் தம் யூனிட்டுக்குக் கூப்பிட்டார். முதலிபாளையம் தொழிற்பேட்டையில் அவருக்குக் கம்ப்யூட்டர் எம்பிராய்டரி. எக்ஸ்போர்ட் கம்பெனிகளிலிருந்து வெட்டிய பனியன் துண்டுகள் மூட்டை மூட்டையாக வரும். மார்பில் பூவோ பொம்மையோ எழுத்தோ போட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும். "சும்மா வந்து உக்காருங்க மாமா. நீங்க இருந்தாலே ஒரு மதிப்புங்க" என்றார் மாப்பிள்ளை. மதிப்பு என்ற சொல்லுக்கு நான் எப்போதும் இளகுவேன். காலையில் ரயிலேறித் திருப்பூர் வந்து, பஸ் பிடித்துப் போய், அங்கிருந்த கண்ணாடி அறைக்குள் உட்காருவேன்.

அது டிசைன் அறை. வெளியே மெஷின்கள் ஓடுகிற சத்தமும் பறக்கிற பஞ்சும் உள்ளே வராமலிருக்கக் கண்ணாடி போட்டுத் தடுத்திருந்தார்கள். ஒரு கம்ப்யூட்டர், இரண்டு நாற்காலி. ஒன்று எனக்கு. இன்னொன்று பஞ்சிங் போடுகிற பெண்ணுக்கு. பஞ்சிங் என்றால் படத்தைத் தையலாக மாற்றுவது. ஊசி எங்கே இறங்க வேண்டும், எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், எங்கே நூலை அறுக்க வேண்டும் என்று ஒவ்வொரு குத்தாகக் கம்ப்யூட்டரில் சொல்லிவைக்க வேண்டும். அந்த ஃபைலைப் பென்டிரைவில் ஏற்றி மெஷினில் செருகினால் மெஷின் தைக்கும். அதே டிசைன் மறுபடி ஆர்டர் வந்தால் அதே ஃபைல் வேண்டும். புதிதாகப் போட்டால் அச்சு அசலாக வராது, ஆர்டர் கொடுக்கிற வெளிநாட்டுப் பையர் ஒத்துக்கொள்ள மாட்டான்.

அந்தப் பெண்ணை நான் அம்மிணி என்றுதான் கூப்பிடுவேன். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். நாற்பதை நெருங்கிய வயது. நெசவுக் குடும்பம். அனுப்பர்பாளையத்திலிருந்து ஸ்கூட்டரில் வருவார். கிருத்திகை விரதம் தவறாது. பதினோரு வருஷமாக அந்த யூனிட்டில் தைத்த ஒவ்வொரு டிசைனும் அவர் கையால் போட்டது. எழுத்து போட்டாரானால் கடைசி எழுத்தின் காலை ஒரு சின்ன இலை மாதிரி மேலே சுழித்து முடிப்பார். ஏன் என்று ஒருமுறை கேட்டேன். "நூல் முடியற எடம் தெரியக்கூடாதுங்க சார், அதுக்குத்தான்" என்றார்.

அந்தக் கம்ப்யூட்டர் பழசு. வெள்ளையாக வாங்கிய பெட்டி பழுப்பாகி, ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் வைத்த சந்தனம் ஓரங்களில் காய்ந்து ஒட்டியிருந்தது. அதில் ஓடிய ஆப்பரேட்டிங் சிஸ்டத்தைச் செய்தவர்களே அதைக் கைவிட்டு வருஷக்கணக்காகிவிட்டது. சர்வீஸுக்கு வருகிறவர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். ஒவ்வொரு தடவையும் மாப்பிள்ளையிடம் அதைச் சொல்லிவிட்டுத்தான் போவார். ஒருநாள் நான் மறித்து, ஆன்டிவைரஸ்தான் போட்டிருக்கிறோமே, அப்புறம் என்ன என்று கேட்டேன்.

"பனியன்ல ஒரு கண்ணி விட்டுப்போச்சுன்னா என்ன ஆகும் சார்?"

"கீழ வரைக்கும் ஓடும்."

"இந்த சிஸ்டத்துல எங்கெங்க கண்ணி விட்டிருக்குன்னு உலகத்துக்கே தெரியும். புதுசுன்னா விட்ட எடத்தை மாசாமாசம் அவனே தச்சு அனுப்பிருவான். இதுக்குத் தைக்க ஆளில்லை. ஆன்டிவைரஸ் செக்கிங் டேபிள் மாதிரிதான். வர்ற பீஸைப் பாக்கும். துணியே ஓட்டைன்னா அது என்ன செய்யும்?"

மாப்பிள்ளை அன்றே புதுசு வாங்கத் தயாராகிவிட்டார். தடுத்தது நான். முதல் வெளிநாட்டு ஆர்டருக்கு டிசைன் போட்ட கம்ப்யூட்டர் அது, ராசியான சிஸ்டம், ஓடுகிற வரை ஓடட்டும் என்றேன். எங்கள் ஆட்களிடம் இந்த ஒரு சொல் போதும். முதலில் வாங்கிய தையல் மெஷினைப் பொட்டு வைத்து ஆபீஸில் நிறுத்தியிருக்கிற முதலாளிகள் எத்தனையோ பேர். "மாமா சொன்னாச் சரியாத்தானுங்க இருக்கும்" என்று விட்டுவிட்டார்.

உண்மைக் காரணம் ராசி அல்ல. ராசி பார்க்கிற சாஃப்ட்வேர்.

என் சகலை ஒருவர் பென்டிரைவில் கொடுத்தது. பிறந்த நாளும் நேரமும் கொடுத்தால் கட்டம் போட்டு, பொருத்தம் சொல்லி, பிரிண்டும் கொடுக்கும். காசு கொடுத்து வாங்கியதல்ல, திருட்டு நகல். பழைய சிஸ்டத்தில் மட்டும்தான் ஓடும். படித்தவர், கம்ப்யூட்டரிலேயே ஜாதகம் பார்க்கிறார் என்று சொந்தத்தில் பேர் பரவிவிட்டது. கல்யாணப் பேச்சு எடுக்கிறவர்கள் ஜாதகத்தோடு கண்ணாடி அறைக்கு வருவார்கள். எழுந்து நின்று வணங்குவார்கள். ஆலையில் முப்பது வருஷம் யாரும் எனக்கு எழுந்து நின்றதில்லை.

அந்த நகலைப் பாஸ்வேர்டு கேட்காமல் திறக்க அதற்குள் ஒரு சின்ன ஃபைல் இருந்தது. ஆன்டிவைரஸ் பிடித்தது அதைத்தான். பிடித்து அப்புறப்படுத்திவிட்டால் ஜாதகம் திறக்காது. முதலில் இதை மட்டும் விட்டுவிடு என்று அதற்குச் சொல்லிப் பார்த்தேன். சில நாள் விட்டது, மறுபடி பிடித்தது. ஒருநாள் வெளியே பெண் வீட்டார் காத்திருக்கும்போது ஆன்டிவைரஸையே மொத்தமாக ஆஃப் செய்தேன். பிறகு ஆன் செய்யவேயில்லை.

அம்மிணி கவனித்துவிட்டார். இது இப்படி ஆஃபிலேயே இருக்கட்டுமா என்று கேட்டார். சிஸ்டம் மெதுவாகிறது, பஞ்சிங் போடும்போது உனக்குத்தானே தொந்தரவு என்றேன். அவருக்காகச் செய்த மாதிரி.

இன்னொரு தடவை, டிசைன்களையெல்லாம் தனியாக ஒரு காப்பி வைக்க ஹார்ட் டிஸ்க் வேண்டும் என்று கேட்டார். ஆடி மாதம். ஆடியில் புதுப்பொருள் வேண்டாம், போகட்டும் என்றேன். ஹார்ட் டிஸ்க்குக்கும் ஆடிக்கும் என்ன சம்பந்தம் என்று இயற்பியல் படித்த ஒருவனைக் கேட்க அவருக்கு உரிமை இருந்தது. கேட்கவில்லை. ஆவணி வந்தது. நான் மறந்துவிட்டேன்.

அந்தச் சமயத்தில் அனுப்பர்பாளையத்தில் ஒரு குழந்தைத்துணி கம்பெனி, தங்கள் டிசைன் அறைக்கு அம்மிணியைப் பொறுப்பாளராகக் கூப்பிட்டிருந்தது. வீட்டிலிருந்து நடக்கிற தூரம். கீழே நான்கு பேர் வேலை செய்வார்கள். தீபாவளி முடிந்து போவதாகப் பேச்சு. அதை என்னிடம் சொன்னபோது பஞ்சிங் போடுகிற கை ஒரு நிமிஷம் நின்றிருந்தது. "எனக்குன்னு ஒரு ரூமுங்க சார்" என்றார்.

ஐப்பசியில் ஒரு கிருத்திகை. காலையில் வந்ததும் அம்மிணி தன் பென்டிரைவைச் செருகி என்னவோ காப்பி எடுத்து, உருவிப் பைக்குள் போட்டதை நான் பார்த்தேன். மத்தியானம் விரதம் என்பதால் சாப்பாட்டு நேரத்தில் முருகன் கோயிலுக்குப் போய்விட்டார். நான் ஒரு ஜோடியின் ஜாதகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு டிபன் பாக்ஸைப் பிரித்தேன். சகலையிடமிருந்து செய்தி வந்தது. ஜாதக சாஃப்ட்வேருக்கு வரப்போகிற வருஷங்களின் பஞ்சாங்கமும் சேர்த்துப் புது வெர்ஷன் வந்திருக்கிறதாம், இந்த இடத்தில் இறக்கிக்கொள்ளலாமாம். அவருக்கும் யாரோ அனுப்பியது. இறக்கினேன். நிச்சயமாக ஓட்டட்டுமா என்று கேட்டது. ஆமாம் என்றேன். ஒன்றும் நடக்கவில்லை. தயிர்ச்சாதத்தை முடித்துக் கை கழுவப் போனேன்.

அம்மிணி வந்து திருநீறு கொடுத்தார். நெற்றியில் இட்டுக்கொண்டேன். அவர் உட்கார்ந்து டிசைன் ஃபோல்டரைத் திறந்தார். ஃபைல்களெல்லாம் வெள்ளையாக நின்றன. ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் அர்த்தமில்லாத ஒரு வால் முளைத்திருந்தது. ஒன்றைத் திறந்தார். திறக்கவில்லை. இன்னொன்று. பத்து, பதினைந்து திறந்து பார்த்தார். "சார்" என்றார். சற்று நேரத்தில் திரை முழுக்க ஆங்கிலத்தில் ஒரு அறிவிப்பு வந்து நின்றது: உங்கள் ஃபைல்களைப் பூட்டிவிட்டோம், சாவி வேண்டுமானால் பணம்.

ஆபீஸில் இருந்த மற்ற இரண்டு கம்ப்யூட்டர்களும் புதியவை. அவை எச்சரிக்கை கொடுத்துத் தடுத்துக்கொண்டன, அவற்றில் ஒன்றும் போகவில்லை. விழுந்தது ராசியான சிஸ்டம் மட்டும்.

சர்வீஸ்காரர் வந்து முதலில் நெட் வயரைப் பிடுங்கினார். பணம் கொடுத்தாலும் சாவி வரும் என்பதற்கு உறுதியில்லை என்றார். கண்ணாடி அறைக்குள் மாப்பிள்ளை, நான், அம்மிணி, சூப்பர்வைசர். வெளியே ஆபரேட்டர்கள் மெஷினை நிறுத்திவிட்டுக் கண்ணாடியில் முகம் வைத்துப் பார்த்தார்கள். இன்றைக்கு இதில் யார் என்ன போட்டீர்கள் என்று கேட்டார் சர்வீஸ்காரர்.

நான் சொன்னேன்: "காலையில அம்மிணி ஒரு பென்டிரைவ் போட்டுச்சு."

அந்த வாக்கியத்தை நான் எத்தனையோ தடவை எடுத்துப் பார்த்திருக்கிறேன், ஆலையில் நூலைக் கண்ணாடிக்குக் கீழே வைத்துப் பார்த்த மாதிரி. ஒரு சொல் பொய்யில்லை. என் வாழ்நாளில் நான் சொன்ன பெரிய பொய் அதுதான்.

பென்டிரைவில் வந்திருக்கலாம், நெட்டிலிருந்தும் வந்திருக்கலாம், பழைய சிஸ்டத்தில் எதுவும் நடக்கும் என்றார் சர்வீஸ்காரர். பின்பாதி யார் காதிலும் ஏறவில்லை. அம்மிணி ஏதோ சொல்ல வாயெடுத்தார். மாப்பிள்ளை கையை உயர்த்தி, "எதுவா இருந்தாலும் மாமாகிட்டச் சொல்லுங்க, எனக்கு இப்பத் தலை வெடிக்குது" என்று வெளியே போய்விட்டார்.

அங்கே அதுதான் முறை. முதலாளியிடம் நேராகப் போவதில்லை. இடையில் ஒரு பெரியவர் இருப்பார்.

மறுநாள் காலை அம்மிணி அந்தப் பென்டிரைவை என் மேஜையில் வைத்தார். ஹார்ட் டிஸ்க் கிடைக்காததால் ஆவணியிலிருந்து வாராவாரம் இதில் காப்பி எடுத்து வந்திருக்கிறார். நேற்றுக் காலை வரைக்கும் எல்லா டிசைனும் இதில் பத்திரமாக இருக்கிறது. "வேற சிஸ்டத்துல போட்டு ஸ்கேன் பண்ணிப் பாருங்க சார். சுத்தமா இருக்கும். முதலாளிகிட்டச் சொல்லிருங்க."

சொல்கிறேன் என்றேன். சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

அதைச் செருகிப் பார்த்தால் டிசைன் கிடைக்கும். டிசைன் கிடைத்தால் மாப்பிள்ளை பிழைப்பார். ஆனால் சுத்தம் என்றும் தெரியும். அப்போது, பின்னே எதில் வந்தது என்று அடுத்த கேள்வி வரும். அந்த அடுத்த கேள்விக்காக ஒன்பது நாள் அதைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். ரயிலில், அது பையில் இருக்கிறதா என்று தொட்டுத் தொட்டுப் பார்ப்பேன். உட்கார்ந்தால் எழுந்து நிற்பேன், நின்றால் கதவுப் பக்கம் போவேன். அதற்குள் பழைய டிசைன்களுக்கே மறுபடி மூன்று ஆர்டர்கள் வந்தன. மாப்பிள்ளை ஒவ்வொரு கம்பெனிக்கும் போய் நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். அம்மிணி புதுக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, தான் முன்பு போட்டதையே மறுபடி போட்டுக்கொண்டிருந்தார்.

ஆபரேட்டர்களுக்கு அது விளையாட்டு. யாருக்காவது தும்மல் வந்தால், அக்கா பென்டிரைவ் பக்கத்துல போனியாடா என்பார்கள். வடக்கத்திக்காரர்கள் வைரஸ் தீதி, வைரஸ் அக்கா, என்று இந்தியில் பெயர் வைத்துவிட்டார்கள். சூப்பர்வைசர் சிரிக்காமல் சொல்வார்: "அக்கா, டீ டம்ளரைத் தனியா வெச்சுக்குங்க, மத்ததுக்குத் தொத்திக்கும்." அம்மிணியும் முதல் இரண்டு நாள் சிரித்தார்.

ஆறாம் நாள் என்னிடம், சொன்னீர்களா சார் என்று கேட்டார். மாப்பிள்ளை கோபத்தில் இருக்கிறார், நேரம் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். நேரம் பார்ப்பதுதானே என் தொழில். எட்டாம் நாள் சாயங்காலம் டிபன் பாக்ஸையும், மேஜையில் வைத்திருந்த முருகனின் சின்ன வேல் ஒன்றையும் எடுத்துக்கொண்டு போனவர் அப்புறம் வரவில்லை.

ஒன்பதாம் நாள் டிசைன்கள் கிடைத்துவிட்டன. என் வீட்டு லேப்டாப்பில் எப்போதோ ஒரு காப்பி போட்டு வைத்தது ஞாபகம் வந்தது என்று மாப்பிள்ளையிடம் சொன்னேன். காப்பி எடுப்பதற்கு முன் அம்மிணியின் பென்டிரைவை ஸ்கேன் செய்தேன். ஒன்றும் இல்லை என்று பச்சை எழுத்தில் வந்தது. அறையில் அப்போது என்னைத் தவிர யாரும் இல்லை.

மாப்பிள்ளை என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "கைராசின்னா மாமா கைராசிதானுங்க" என்று எல்லோரிடமும் சொன்னார். நான் மறுக்கவில்லை.

இதோடு நின்றிருந்தால்கூட ஒரு கோழையின் கதை என்று விட்டுவிடலாம். அடுத்த வாரம் அனுப்பர்பாளையம் கம்பெனியின் மேனேஜர் எனக்கு போன் செய்தார்.

இங்கே ஆளை எடுப்பதற்கு முன் பழைய இடத்தில் விசாரிப்பது வழக்கம். அந்தப் பொண்ணு எப்படிங்க சார் என்று கேட்டார். வேலை நன்றாகத் தெரியும் என்றேன். அங்கே நிறுத்தியிருக்கலாம். அவர் தயங்கி, ஃபைலெல்லாம் போயிருச்சுன்னு பேச்சு அடிபடுதுங்களே என்றார். நான் சும்மா இருந்தேன்.

"கைராசி சரியில்லைங்களா? ஏழரை ஏதாச்சும் நடக்குதுங்களா சார்? நீங்க பாத்திருப்பீங்களே."

"இருக்கலாம்" என்றேன்.

அந்தப் பெண்ணின் ஜாதகத்தை நான் பார்த்ததேயில்லை. அவர் என்ன நட்சத்திரம் என்றுகூட எனக்குத் தெரியாது.

அந்த வேலை வேறொருவருக்குப் போயிற்று. அதோடு பேச்சும் நிற்கவில்லை. இங்கே பனியன் துண்டு ஓரிடத்தில் இருப்பதில்லை. நிட்டிங், டையிங், கட்டிங், பிரிண்டிங், எம்பிராய்டரி என்று யூனிட் யூனிட்டாகப் போகும். பேச்சும் அந்த வண்டியிலேயே ஏறிப் போகும். மூட்டை இறக்குகிற இடத்திலெல்லாம் அதுவும் இறங்கியிருக்கிறது. எனக்கு அது தெரியும். ஏனென்றால் சிலர் என்னிடமே திருப்பிச் சொன்னார்கள்.

புதுக் கம்ப்யூட்டரில் ஜாதகம் ஓடவில்லை. சகலை ஒரு பழைய லேப்டாப்பைக் கொடுத்தார், வீட்டில் வைத்துப் பார்த்தேன். தை மாதம் நான் பொருத்தம் பார்த்துச் சொன்ன ஒரு ஜோடிக்குக் கல்யாணம். தாம்பூலப் பையில் ஒரு சின்ன எவர்சில்வர் டப்பா. வீட்டுக்கு வந்து மனைவி அதில் சர்க்கரை கொட்டும்போது கவனித்தேன். மூடியில் மணமக்கள் பெயர் வெட்டியிருந்தது. கடைசி எழுத்தின் கால் ஒரு இலை மாதிரி மேலே சுழித்திருந்தது.

டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தேன். சர்க்கரையைக் கொட்டிக்கொண்டிருக்கும்போதே டப்பாவோடு எங்கே போறீங்க என்றாள் மனைவி. கல்யாண வீட்டாருக்கு போன் செய்து எங்கே பெயர் போட்டீர்கள் என்று கேட்டேன். அனுப்பர்பாளையத்தில் ஒரு பாத்திரக்கடை சொன்னார்கள்.

மறுநாள் காலை போனேன். கடை வாசலோரம் ஒரு ஸ்டூலில் அம்மிணி உட்கார்ந்து, மடியில் சொம்பை இடுக்கிக்கொண்டு, கரண்ட் ஊசியால் பெயர் வெட்டிக்கொண்டிருந்தார். ஊசி கிர்ரென்று குத்திக் குத்தி நகர்ந்தது. நிமிர்ந்தார்.

"வாங்க சார். பேர் போடணுங்களா?"

இல்லை என்றேன். அந்த நாள் மத்தியானம் நான் என்ன செய்தேன் என்பதில் ஆரம்பித்து, போனில் சொன்ன ஒரு சொல் வரைக்கும் நின்றபடியே சொன்னேன். நடுவில் ஒருவர் வந்து இரண்டு குடத்தை வைத்துவிட்டுப் போனார். அம்மிணி ஊசியை நிறுத்தவில்லை. அந்தச் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தி நான் சொல்ல வேண்டியிருந்தது. ஏழரை என்ற இடம் வந்தபோது மட்டும் ஊசி நின்றது.

"அது எனக்குத் தெரியாதுங்க. மத்ததெல்லாம் தெரியும்."

"எப்படி?"

"கோயிலுக்குப் போயிட்டு வந்தப்ப உங்க ஜாதகக் கட்டம் தெறந்து கெடந்துச்சு. பக்கத்துலயே புதுசா ஒண்ணு எறக்கியிருந்துச்சு. பாத்தேனுங்க."

அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் எவ்வளவு கேவலமான கேள்வி என்று தெரிந்தது.

"நீங்க மாமன். நான் பஞ்சிங் போட வந்தவ. யாரு பேச்சு ஏறும்? அதுவுமில்லாம, நீங்களே சொல்லுவீங்கன்னு நெனச்சேன். ஆறு நாள் நெனச்சேனுங்க."

பென்டிரைவை எடுத்து நீட்டினேன். அவர் அதைப் பார்த்தார், வாங்கவில்லை. "கம்பெனி டிசைன் எனக்கெதுக்குங்க?" என்றார். மறுபடி சொம்பைத் திருப்பி இடுக்கிக்கொண்டார். மன்னிப்பு என்ற சொல்லை நான் ஆரம்பித்தேன்.

"எங்கிட்டச் சொல்லி என்னங்க சார் ஆகுது? எனக்குத் தெரியும். தெரியாதவங்ககிட்டப் போய்ச் சொல்லுங்க."

ஊசி மறுபடி ஓட ஆரம்பித்தது.

அன்றைக்கே மாப்பிள்ளையிடம் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கடைசியில், "விடுங்க மாமா. அந்தப் பொண்ணை நான் கூப்பிட்டுப் பேசறேன். நமக்குள்ள ராசியாப் போயிரலாம். வெளிய சொன்னா நம்ம யூனிட்டுக்குத்தான் கேவலம், பழைய சிஸ்டத்தை வெச்சிருந்தோம்னு" என்றார். அவர் கூப்பிட்டார். அம்மிணி வரவில்லை. வேண்டாங்க, இங்க நல்லாத்தான் இருக்கேன் என்றாராம். அதில் ராசியாகிப் போக ஒன்றுமில்லை. சண்டை போட்டவர்கள்தான் ராசியாக முடியும். அவர் என்னோடு சண்டையே போடவில்லை.

நான் யூனிட்டுக்குப் போவதை நிறுத்தினேன். ஜாதகத்தையும் நிறுத்தினேன். பேச்சு எங்கெங்கே போயிற்று என்று எனக்கு ஞாபகம் இருந்தவரை ஒரு தாளில் எழுதினேன். பிரிண்டிங் யூனிட் இரண்டு, லேபிள் கடை ஒன்று, எக்ஸ்போர்ட் கம்பெனி நான்கு, அவற்றில் அனுப்பர்பாளையம் முதலாவது. வாரத்தில் மூன்று நாள் ரயிலேறிப் போகிறேன்.

அனுப்பர்பாளையம் மேனேஜர் டீ வாங்கிக் கொடுத்துக் கேட்டார். கேட்டுவிட்டு, "சார், நீங்க படிச்சவங்கன்னு நம்பித்தானுங்க கேட்டேன்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அந்த இடத்தில் வேறு ஆள் உட்கார்ந்துவிட்டார், எழுப்ப முடியாது. லேபிள் கடைக்காரர் நம்பவில்லை. அந்தப் பெண்ணுக்காக நான் பழியை ஏற்றுக்கொள்கிறேன் என்று நினைத்து என்னைப் பெருந்தன்மைக்காரன் என்றார். அவரிடம் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. இரண்டாவது தடவை சொல்லும்போது நான் எதையாவது மெருகேற்றுகிறேனோ என்று எனக்கே பயமாக இருந்தது. ஒருவர், இதைச் சொல்லவா சார் வெயில்ல வந்தீங்க என்றார்.

போன வாரம் முதலிபாளையத்திலேயே ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனி. முதலாளி என் வயதுக்காரர், தோட்டத்துக்காரக் குடும்பம். மகன்கள் நடத்துகிறார்கள், இவர் ஆபீஸில் உட்கார்ந்திருப்பார். பொறுமையாகக் கேட்டார். கேட்டு முடித்ததும் அதைப் பற்றி ஒன்றும் பேசாமல், "அப்ப அந்தப் பொண்ணு சும்மாத்தான் இருக்குதுங்களா? எங்களுக்கு டிசைனுக்கு ஆள் வேணுமுங்க. நாலு மாசமாத் தேடறோம்" என்றார். நம்பர் கொடுங்கள் என்றார்.

கேட்டுவிட்டுத்தான் கொடுப்பேன் என்று வெளியே வந்தேன். வேப்பமரத்தடியில் நின்று அம்மிணிக்கு போன் செய்தேன். எடுத்தார். பின்னால் ஊசிச் சத்தம் கேட்டது. விஷயத்தைச் சொன்னேன். சத்தம் நின்றது. தனி ரூம் இருக்கிறதா என்று கேட்பார் என எதிர்பார்த்தேன்.

"கொடுங்க சார்" என்றார். உடனே, "இருங்க. அங்க என்ன சிஸ்டம்னு மொதல்ல கேளுங்க. புதுசா, பழசா, தனியாக் காப்பி வெக்க ஹார்ட் டிஸ்க் இருக்குதா, ஆன்டிவைரஸ் ஓடுதா. அதைக் கேட்டுட்டு அப்புறம் நம்பர் கொடுங்க" என்றார்.

திரும்பி உள்ளே போனேன். பெரியவர் என்னைப் பார்த்து, என்னங்க சொல்லுது பொண்ணு என்றார். அம்மிணி கேட்கச் சொன்ன கேள்வியைக் கேட்டேன்.

அவர் மேஜைக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டினார். பழுப்பேறிய ஒரு பெட்டி. ஓரத்தில் சந்தனம் காய்ந்திருந்தது.

"பழசுதானுங்க. மாத்தணும்னு பசங்க சொல்லிட்டுத்தான் இருக்கறானுக. நாந்தான் விடலை. கம்பெனி ஆரம்பிச்சப்ப வாங்குனது, ராசியான சிஸ்டம்."

சாயங்கால ரயிலுக்கு நேரமாகியிருந்தது. நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.